மேளம் முழங்கினால் நழுவும் திருமுகம்

கண்ணுக்குள் ஒளியாகவும் செவிக்குள் ஒலியாகவும் நின்றருளும் பெருமானை வணங்கித் தொடங்குகிறேன். கண்ணில் இல்லாத குறைக்கும் கண்ணாடிக்காரனே பழி சுமக்க வேண்டும். இத்தொழிலில் உழலும் அன்பர்களே, இதை நீங்கள் அறிவீர்கள்.

ஹாரனும் எழுத்தும்

ஏற்காட்டில் கண் சோதித்து மூக்குக்கண்ணாடி விற்கும் என் கடை பஸ் நிறுத்தத்தை ஒட்டியது. நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் ராசம்மா, பார்வை சில நேரம் குதிக்கிறது என்று வந்தார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தடையின்றி வாசித்தவர், வெளியே ஒரு பஸ் நீண்ட ஹாரன் அடித்ததும் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். அவருடைய கருவிழிகள் தாமாக வழுக்கிச் செல்வதைக் கண்ணாரக் கண்டேன். ஓசை அடங்கியதும் அவை நிலைக்கு வந்தன.

"ஏனுங்க ஐயா, உங்க பலகைக்கும் பஸ்ஸைக் கண்டா பயமுங்களா?" என்றார்.

சேலத்து முடிவு

சேலத்தில் காது மருத்துவரிடம் அனுப்பினேன். உட்செவியை மூடிய எலும்பில் சிறு திறப்பு இருக்கிறதாம். பேரொலி அங்கே சமநிலை காக்கும் நீரை உலுக்க, விழிகள் நழுவுகின்றனவாம். அறுவை சிகிச்சைக்கு ராசம்மா இசையவில்லை.

"கண்ணு குதிக்குதுன்னு போனா மண்டையைத் திறக்கறேங்கறாங்க, நொம்ப நல்ல வைத்தியமுங்க!"

மின்மேளம்

அவருடைய உண்மையான துயரம் பிறகே வெளிப்பட்டது. ஊர் அம்மன் கோயிலில் தீபாராதனையின்போது மோட்டாரில் ஓடும் மணியும் மேளமும் ஒருசேர முழங்கும். சுடர் உயர்ந்து அம்மன் திருமுகம் துலங்கும் அதே கணத்தில் ராசம்மாவின் பார்வை நழுவிவிடும். காதில் பஞ்சு அடைத்தும் பயனில்லை. பூசாரியிடம் சொல்லி மேளத்தை நிறுத்தச் செய்கிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. போய்ச் சேர்ந்த எம் மவன் கோயிலுக்குக் குடுத்ததுங்க அது. அது அடிக்கறப்பத்தான் அவன் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குதுங்க."

பாதி தரிசனம்

சென்ற வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கற்பூரம் ஏற்றியதும் மின்சாரம் நின்றது; மேளம் ஓய்ந்தது. "அடடா!" என்றது கூட்டம். பூசாரியின் கைமணி மட்டும் மெல்ல ஒலிக்க, ராசம்மா இமைக்காமல் நின்றார். மறுகணமே மின்சாரம் வந்து மேளம் அதிர்ந்தது. அவர் தூணைப் பற்றினார். கூட்டம் கலைந்தபின் என்னருகே வந்தார்.

"மூக்குத்தி வரைக்கும் பார்த்தனுங்க ஐயா, அதுக்குள்ள எம் மவன் வந்துட்டானுங்க."

கண்ணாடி விற்றுப் பிழைக்கும் நான் இப்போது வெள்ளிதோறும் மின்வெட்டு வேண்டத் தொடங்கி, அது வந்தால் அத்தாய் எதை இழப்பாரோ என்று அஞ்சி, வேண்டுதலைப் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன்.

இதைச் செவிமடுத்தோர் அனைவருக்கும் அன்னையின் திருமுகம் அசையாது தெரிவதாக.