முத்தலிப் காக்காவின் அந்தமான்

அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியதும் முத்தலிப் காக்கா, அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் வழக்கம்போலச் சூட்கேஸைத் தூக்கி வைக்கிறார். "பதினாலரை. பதினஞ்சுக்கு மேல பிளேன்ல ஏத்தமாட்டானுகள்." இரண்டு கிலோ சம்பா வாங்க வந்தவருக்கு அரிசிக்கு முன்னால் அந்தமான் கிடைக்கிறது.

கல்முனையில் அந்தமானை அவரளவுக்கு அறிந்தவர் கிடையாது. கொழும்பிலிருந்து சென்னை, அங்கிருந்து இன்னொரு விமானம், எந்தக் கரையில் மணல் வெள்ளை, எல்லாம் அத்துப்படி. "ஜன்னல் சீட்டைக் கேட்டு எடுக்கணும். மத்த சீட்டுல போறதும் அக்கரைப்பற்று பஸ்ல போறதும் ஒண்டுதான்" என்பார். பாலமுனை மீன் வியாபாரி ஜெஸீம் ஒருநாள் மடக்கினார்: "நாம இரிக்கிறதே தீவுதானே காக்கா, மறுகா என்னத்துக்கு இன்னொண்டு?"

"இது பொழைக்கிற தீவு, அது பார்க்கிற தீவு!" ஜெஸீம் மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மனிதர் போனால்தானே! ஒரு வருடம் வெள்ளாமை வெட்டு குறுக்கே வந்தது, மறுவருடம் மழை, பிறகு மகளின் பிரசவம். உண்மைக் காரணம் என்னவென்று மனைவி நதீராவுக்குத் தெரியும். அடுக்கிய மூட்டைமேல் ஏறினாலே காக்காவுக்குத் தலை சுற்றும். கடைக்கு ஓடு மாற்றியபோதுகூடக் கீழே நின்றுதான் மேசனை அதட்டினார். நதீராவுக்கோ ஆசை நெஞ்சு முட்டக் கிடந்தது. "மவுத்தாகிறதுக்குள்ள ஒருக்காவாவது மேல இருந்து கடலப் பாக்கணும்" என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த முறை நதீரா கேட்கவில்லை. மகள் றிஸ்லாவைக் கொண்டு டிக்கெட்டை எடுத்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்து, ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் செய்வதுபோல வீடு வீடாகப் பயணம் சொல்லக் கிளம்பிவிட்டார். "நாங்க ரெண்டு பேரும் பயணம் போறம். குறை குற்றம் இருந்தாப் பொறுத்துக்கங்க." நாலு நாள் அந்தமானுக்கு யாராவது பயணம் சொல்வார்களா? ஊர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பொறுத்தது, துஆ செய்தது. அடுத்த வீட்டு ஸுலைஹா ராத்தா வட்டிலப்பம் கொடுத்தனுப்பி, மக்காவிலிருந்து ஸம்ஸம் தண்ணீர் கேட்பதுபோல, "அங்கத்தத் தண்ணியும் ஒரு போத்தல் கொண்டு வாங்க" என்று சொல்லியும் விட்டார்.

காக்கா கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். "என்ன வேலை பாத்திரிக்காய்? ஊரெல்லாம் செல்லிப்போட்டு இனி எப்பிடிப் போகாம இரிக்கிற?"

"அதுக்குத்தானே செல்லின" என்றார் நதீரா, வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே.

ஊரே மன்னித்து அனுப்பிய பிறகு வீட்டில் கிடந்தால் பள்ளிவாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? பாவம், அன்றைக்குச் சூட்கேஸை அவர் நிறுக்கவே இல்லை.

புறப்படும் காலை வாசலில் தெருவே கூடி ஸலாம் சொன்னது. கொழும்புக்குப் போகும் வேனுக்குள் நதீரா ஏறியதும், "ஜன்னல் பக்கம் நீ இரி. பிளேன்லயும் நீதான்" என்றார் காக்கா. சீட் பெல்ட் என்றால் இளக்காரமாகச் சிரிக்கிற மனிதர், வேன் ஸ்டார்ட் ஆகுமுன்பே அதைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார். பிறகு, அத்தனை கண்கள் பார்த்திருக்க, நதீராவின் கையை எட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.