இறங்குகிற இடத்தில் ஒருவர்

செஞ்சியில் எனக்கு வேலை கிடைத்தபோது அங்கே ஒருவரையும் தெரியாது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பெண்கள் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. ப்ளஸ் டூ வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முடித்த பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது. "உங்களுக்குத்தான் வீட்ல புள்ளகுட்டி இல்லியே, நீங்களே பாருங்க டீச்சர்" என்று தலைமையாசிரியை அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பள்ளி விட்டதும் ஆய்வகத்தில் காத்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மேல் வெயில் மங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். கல்யாணம் பேசியிருப்பார்கள், இல்லாவிட்டால் நடவுக்குப் போயிருப்பார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குப் போய் ஒரு ஆளுக்குச் சமைப்பேன்.

அப்போதுதான் விழுப்புரத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சுற்றுப்பட்ட பள்ளிகளில் என்னைப் போல மேற்படிப்புக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கான சங்கம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஓர் ஆரம்பப் பள்ளி வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். முதல் கூட்டத்தில் செயலாளர் முறைப்படி ஏதோ வாசிக்கத் தொடங்கினார். அவரை யாரும் முடிக்க விடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவரவர் பள்ளியில் இந்தப் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அந்த வருடம் என் மாணவி ஒருத்தி வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். விழுப்புரத்தில் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி அவரிடம் போனேன். இலவம்பஞ்சு பறந்துகொண்டிருந்த கடையில் எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"படிக்க வெக்க எனக்கும் ஆசதான் டீச்சர். பஸ்ஸ விட்டு எறங்குனா அங்க புள்ளைக்கு யாரு இருக்கா? தப்பா நெனைக்காதீங்க. நீங்களும் படிச்சீங்க. இப்ப இன்னா, தனியாத்தான இருக்கீங்க? ஒடம்பு சரியில்லன்னா சுடுதண்ணி வெச்சிக் குடுக்க ஆளு இருக்குதா?"

அதற்கு முந்தைய மாதம்தான் காய்ச்சலில் தனியாகக் கிடந்திருந்தேன். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க பாய்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். என்னைப் பற்றி அவர் கேட்டதை விட்டுவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் யார் என்று கேட்டதை மட்டும் சொன்னேன். விழுப்புரத்துக் கணக்கு டீச்சர், என்னைவிட வயதில் மூத்தவர், சட்டென்று, "நான் நிக்கிறேன். அவரையும் கூட வரச் சொல்லுங்க, என் மூஞ்சியப் பாத்து வெச்சிக்கட்டும்" என்றார்.

சொன்னபடி நின்றார். அப்பாவையும் மகளையும் கல்லூரிக்குக் கூட்டிப்போய் இடம் வாங்கிக்கொடுத்து, தன் வீட்டில் சாப்பிட வைத்து அனுப்பினார். மறுநாள் கடைக்காரர் பள்ளி வாசலுக்கே வந்தார். "அந்தம்மா எங்கூட்டு ஆளாட்டம் பாத்துக்கினாங்க டீச்சர். போவட்டும், படிக்கட்டும்." அவள் பட்டம் வாங்கினாள். பிறகு ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையானாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பின் சங்கத்தின் வேலையே அதுவாகிவிட்டது. திண்டிவனத்தில் ஒருவர், கடலூரில் ஒருவர் என்று, யாருடைய பிள்ளை வந்தாலும் பஸ் நிலையத்தில் போய் நின்றார்கள். செஞ்சியில் அன்று கல்லூரி இல்லை. படிக்கவென்று யாரும் வந்து இறங்கவில்லை. நான் அனுப்பிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பிறகு ஒவ்வொருவராக மாற்றலில் போனார்கள். கணக்கு டீச்சர் ஓய்வு பெற்று மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். ஒரு சனிக்கிழமை நான் போனபோது வகுப்பறையைத் திறந்துவிட்ட வாட்ச்மேன், "யாரும் வரல போலக்குதே டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோன புளிசாதத்தைப் பாதி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் பிதுங்கியது. எப்படியோ எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், "செத்த வெச்சிக்கமா" என்று தன் குழந்தையை என் மடியில் விட்டாள். அது என் தோளில் எச்சில் வழியத் தூங்கியது. செஞ்சி வந்ததும் எழுப்பாமல் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். பஸ் புறப்பட்டது.