நகத்தளவுத் தகடு

நான் குடிக்கிறவன் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பென்சில்வேனியாவில், என் வீட்டில், போன டிசம்பரில் நடந்தது. ஒவ்வொரு நாளும் நேரத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை தூக்கிய கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிகளைச் சேர்ப்பது எனக்கு முப்பது வருடப் பைத்தியம். துப்பாக்கிச் சந்தையில் அந்த ஸ்பென்சர் கார்பைனைப் பார்த்ததுமே கை பரபரத்தது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் இடப்பக்கம் முட்டை வடிவ முத்திரை. போர் முடிந்தபின் அரசு ஆயுதச் சாலை அதைச் சீர்படுத்தியதற்கு அதுதான் சாட்சி. அப்போது விசைக்கு முன்னால் நகத்தளவு இரும்புத் தகடு ஒன்றைச் சேர்ப்பார்கள். கட்டைக்குள் ஏழு தோட்டாக்கள் அடங்கும். தகட்டைத் திருப்பி மூடினால் அவை மேலே ஏறாது. மற்ற கார்பைன்களில் அந்தத் தகடு திரும்பும். இதில் திரும்பவில்லை. மூடியபடியே பித்தளை ஊற்றி ஒட்டியிருந்தது.

விற்றவர் ஓர்வில் டீக் என்ற கிழவர்.

"அந்தத் தகட்ட மட்டும் கழட்டிராதீங்க" என்றார். பிறகு என் மனைவி கொரினைப் பார்த்தார். "இவங்களும் உங்க வீட்லதான் இருக்காங்களா?"

"பின்ன, பக்கத்து வீட்லயா?" என்றாள் கொரின்.

அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் திரும்ப உறையில் வைக்கப் போனார். கழற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினேன்.

துப்பாக்கி சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. ஆயுதச் சாலை செய்ததைத் தொடாதே என்பது ஒரு கட்சி. போர்க்களத்தில் இருந்த கோலத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது. கொரினின் தம்பி டெல்பர்ட் முதலாவது.

"கெழவிக்குப் பவுடர் அடிச்சுக் கொமரி ஆக்கப் பாக்குறீங்களா அத்தான்?" என்றான். ஆனாலும் திங்கள்கிழமை நான் பித்தளையை உருக்கித் தகட்டைக் கழற்றியபோது, தன் கார்பைனுக்கு ஆகும் என்று அதை வாங்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

கட்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். எங்களுக்கு அதுதான் முதல் பாடம். காலி. ஒரு தோட்டாகூட இல்லை. துப்பாக்கியைச் சமையலறைச் சுவரில் மாட்டினேன்.

செவ்வாய். மாலை 4:35. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கொரின் அடுப்போரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

டக்... டடக்.

அடுத்த தோட்டாவை ஏற்ற ஸ்பென்சரின் நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வரும் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். துப்பாக்கி ஆடாமல் அசையாமல் இருந்தது.

"கேட்டியா?"

"என்னத்த?" என்றாள். நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "இங்க யாரோ வெரல வச்சு அழுத்துன மாதிரி இருந்துச்சு. வாயுவா இருக்கும்."

புதன். 4:35. டக்... டடக். அவள் கையிலிருந்த ஊசி விழுந்தது.

வியாழன், துப்பாக்கியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். 4:35க்குச் சத்தம் சமையலறையிலேயே கேட்டது. காலியான ஆணிகளுக்கு நடுவிலிருந்து.

வெள்ளி, மருத்துவரிடம் போனோம். இதயம் மணி மாதிரி இருக்கிறது என்றார். படுக்கையில் அவள் சட்டைப் பொத்தானை நானே திறந்து பார்த்தேன். நெஞ்சின் நடுவில் ஒரு காசளவு சிவப்பு. அன்று மாலையும் கேட்டது. நான்காவது.

சனி, தீயணைப்பு நிலையத்து விருந்துக்கு அவளை அழைத்துப் போனேன். வீட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்றுதான். துப்பாக்கி கொட்டகையில் பூட்டிக் கிடந்தது.

காரில் 4:35.

டக்... டடக்.

பின் இருக்கையில்.

ஞாயிறு, ஆறாவது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா மேலே ஏறுகிறது... உள்ளே அடங்குவது ஏழு.

திங்கள் காலையிலிருந்து பனிப்புயல். டெல்பர்ட் வீடு நாற்பது மைல்.

"ஒரு தகட்டுக்கா இந்தப் பனியில வந்தீங்க?"

"குடு."

"மாட்டிட்டேனே அத்தான். நாளைக்குக் கழட்டி..."

"டெல்பர்ட், உங்கக்கா செத்துருவா. குடுடா."

என் முகத்தைப் பார்த்தான். திருப்புளி எடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது 4:28. கொட்டகைப் பூட்டு உறைந்திருந்தது. கோடாலியால் உடைத்தேன். 4:31.

திருகாணி கை நழுவியது.

4:33.

தரையில் தடவினேன்... கிடைத்தது.

திருகினேன்.

நெம்புகோல் என் கைக்குள் தானாகக் கீழே இறங்கியது.

டக்...

தகட்டைத் திருப்பினேன்.

நின்றது.

இரண்டாவது சத்தம் வரவில்லை. உள்ளே ஓடினேன். கொரின் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "பசிக்குதுங்க" என்றாள். நான் அவள் மடியில் முகம் வைத்து அழுதேன். மறுநாளே பழையபடி பித்தளை ஊற்றி ஒட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஓர்வில் டீக்குக்குத் தொலைபேசினேன். அவர் மகள் எடுத்தாள். அப்பா காலமாகிவிட்டார் என்றாள். அந்தத் துப்பாக்கியைப் பற்றி என்றேன்.

"கழட்டிட்டீங்களா?"

"திரும்ப மாட்டிட்டேன்."

"எங்கப்பாவும் மாட்டுனாரு. ஒருநாள் பிந்திருச்சு. அம்மா நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாங்க. சாயங்காலம் நாலு முப்பத்தஞ்சு. மாரடைப்புன்னு எழுதுனாங்க. உடம்புல ஒரு கீறல் இல்ல. ஆனா குளிப்பாட்டுனது நான். அவங்க சட்டையெல்லாம் வெடிமருந்து வாசன."

நான் நேரம் குறித்து வைத்த நாட்காட்டியை எடுத்தேன்.

"உங்களுக்கு எத்தன தடவ கேட்டுச்சு?"

"ஆறு."

"அப்போ ஒண்ணு இன்னும் உள்ள இருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

துப்பாக்கியை விற்க மனமில்லை. வாங்குகிறவனும் என்னைப் போல வாக்குக் கொடுப்பான். தினமும் நாலரை மணிக்குக் கொட்டகைக்குப் போகிறேன். கட்டைவிரலால் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கொரின் நான் துப்பாக்கி துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

4:35க்கு, தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஏதோ ஒன்று மெதுவாக என் விரலைத் தள்ளிப் பார்க்கிறது.