துறை வழியாகப் போன கோடு

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை அகதி முகாமிலிருந்து அலுவலக வானொலியில் குரல் வந்தது: "திரவியம் போயிட்டார் சேர். வண்டி கடைசி வரைக்கும் வரல்ல."

சித்தாண்டி ஊர்த் திரவியத்தை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். புளியந்தீவு நகரில் எங்கள் நிவாரண அலுவலகத்தில் அவன் வீதிகளைக் கணினி வரைபடத்தில் கோடுகளாக வரைவான். தரவுத்தளத்திடம் அந்தக் கோடுகளின் நீளத்தைக் கேட்டு எடுப்பது என் வேலை. முதன்முறை ஒரு முகாமுக்கு 0.11 என்று வந்தது. கிலோமீற்றர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது கிலோமீற்றர் அல்ல, அட்சரேகையை அளக்கும் பாகைக் கணக்கு. "நூற்றிப்பத்து மீற்றரா மச்சான்? அப்ப லொறி என்னத்துக்கு? சோத்துப் பார்சல இஞ்ச நிண்டே எறியலாமே!" என்று மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். உண்மையில் அது பன்னிரண்டு கிலோமீற்றர். மீற்றரில் அளக்கும்படி கட்டளையைத் திருத்தினேன். இனி எனக்குப் பிழை வராது என்று ஒரு திமிரும் வந்தது. நாசமாய்ப் போன திமிர்.

போரில் எறிகணைச் செல்லடி கூடியதும், வண்டிகளை வாவிக்கு அக்கரை ஏற்றும் படகுத் துறையை மூடினார்கள். திரவியம் மோட்டார் சைக்கிளில் படுவான்கரை முகாமுக்குச் சுற்றுவழியாகப் போய், அதன் தூரமானியைப் பார்த்து, ஓடிய தூரத்தை ஒரு கடதாசித் துண்டில் எழுதி வந்தான். "துறை பூட்டிக் கிடக்கு. வாவிக்கு மேலால போற கோட்ட வெட்டிப்போடு மச்சான். ஆராவது நம்பிப் போயிருவான்." நாளைக்குப் பார்ப்போம் என்றேன். துண்டை வாசித்துக்கூடப் பார்க்காமல் விசைப்பலகைக்குக் கீழே செருகினேன்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் அதே முகாமில் அவனைப் பாம்பு கடித்தது. வானொலியில் அவனே பேசினான்: "மச்சான், கிட்ட நிக்கிற வண்டிய அனுப்பு. கண் மங்குது."

"ஓம், இந்தா அனுப்புறன். பயப்பிடாத."

நோயாளர் வண்டிகள் இரண்டு இடங்களில் நின்றன. தரவுத்தளத்திடம் நீளம் கேட்டேன். படுவான்கரை மருந்தகத்திலிருந்து பதினாறு கிலோமீற்றர், நகரத்திலிருந்து ஒன்பது. ஒன்பதை எடுத்தேன். கோடு எதற்கு மேலால் போகிறது என்று பார்க்கவில்லை. ஐயோ, ஒருதரம் பார்த்திருக்கக் கூடாதா! சாரதி ஊருக்குப் புதியவர். மூடிய துறை வரை போய், வாவியைப் பார்த்துவிட்டு, திரும்பிச் சுற்றுவழியில் போனார்; போய்ச் சேருமுன் திரவியம் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்து அந்தக் கோட்டை அழித்தேன். நகரத்திலிருந்து எவ்வளவு என்று திரும்பக் கேட்டேன். முப்பத்து நான்கு என்றது; கிட்ட நின்றது மருந்தக வண்டிதான். விசைப்பலகையைத் தூக்கினேன். திரவியத்தின் துண்டிலும் முப்பத்து நான்குதான் இருந்தது.

அந்தத் துண்டை வைத்திருக்கிறேன். அவனுடையது என்று என்னிடம் வேறொன்றும் இல்லை. பாம்பு கடித்துத்தான் திரவியம் செத்தான் என்று சொல்லி என்னைத் தேற்ற வராதீர்கள்.