முந்தும் விரல்

நட்சத்திரம் தொலைநோக்கியின் நடு இழையைத் தொடும் கணத்தில் பொத்தானை அழுத்துவதுதான் பொல்தாவா வானாய்வகத்தில் யெவ்தோகியாவின் வேலை. அவள் எப்போதும் ஓர் இமைப்பொழுது முந்திக்கொள்வாள்.

"நட்சத்திரம் பூட்ஸைக் கழட்டுறதுக்குள்ள நீங்க போர்ஷ் சூப்பை ஊத்திருவீங்கக்கா" என்று கணக்குப் போடும் பனாஸ் கேலி செய்வான். அது வெறும் கேலிதான். பிழை செய்யாத கை அங்கே எவருக்கும் கிடையாது. பிழை மாறாமல் இருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். அவளுடையது ஆண்டுக்கணக்காக அசையவில்லை.

கணவன் ஓமெல்கோவைப் புதைத்தபோது அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் வாய் கூசாமல் பேசியது. ஒன்பதாம் நாள் நினைவு விருந்து முடிந்ததும், தேன் கலந்த கோதுமைச் சோற்றைப் பனாஸுக்கு எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

கையைச் சோதிப்பதற்கென்றே ஒரு பொய் நட்சத்திரம் உண்டு, சின்ன விளக்குப்புள்ளி. பனாஸ் அதை ஓடவிட்டான். புள்ளி இழையைத் தாண்டிப் போன பிறகுதான் அவள் விரல் அழுந்தியது. திரும்பத் திரும்ப அப்படியே.

"அக்கா, இன்னைக்கு நீங்க பிந்துறீங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

யெவ்தோகியா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கும் வச்சுப் பாரு, தம்பி. இப்படியே நிலைச்சுப்போச்சுன்னா கழிச்சுக்கோ."