வளைகோடு வரைந்த அக்கா

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அக்கா என் மேசையில் வைத்த வரைபுத்தாள் இன்னும் நினைவிருக்கிறது. இருபடிச் சார்பின் வரைபு. கிண்ணம்போல் வளைய வேண்டியதை, அடிமட்டம் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடாக இழுத்திருந்தார். வலது பக்கம் மேலே ஏறியது. இடது பக்கம் ஏறாமல் கீழேயே கிடந்தது.

பரீட்சைக்கு மறுபடி தோற்றும் பெரியவர்களுக்காக நான் நடத்திய அந்தச் சனிக்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஆசிரியையான என்னைவிடவும் மூத்தவர். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்தார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்குப் பத்தாம் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். அவர் சித்தியடையாமல் இருந்தது அந்த ஒரு பாடம்தான். தேயிலை மலையிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு வருவார். வாரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்தி ஓய்ந்த தொண்டையோடு நானும் வந்து நிற்பேன்.

நேர்கோடு அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. x ஒன்று கூடினால் y எப்போதும் ஒரே அளவு கூடும். அந்த அளவுதான் படித்திறன். இருபடியில்தான் தடுமாறினார். அன்று பெறுமான அட்டவணையைப் பார்த்தேன். மறை இரண்டின், அதாவது −2இன், வர்க்கத்தை மறை நான்கு என்று எழுதியிருந்தார்.

“மறையை மறையால பெருக்கினா நேர்தானே அக்கா?”

“தெரியும் டீச்சர். களைப்புல கை அப்படியே எழுதிருது.”

திருத்தி மறுபடி புள்ளிகளைக் குறித்தார். இடது பக்கமும் எழுந்துவந்தது. அடியில் இருக்கும் திரும்பற் புள்ளியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தி எண்ணினார். “ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஏறுது. ஒரே மாதிரி ஏறல. அதான் வளையுது, இல்லீங்களா?” என்றார். நான் அதுவரை எந்த வகுப்பிலும் அதை அவ்வளவு எளிமையாகச் சொன்னதில்லை.

அடிமட்டம் இல்லாமல் வளைகோடு போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வெடித்துக் கறுத்த விரல்களில் பென்சில் நிற்கவில்லை. வளைவின் உட்பக்கம் கை இருக்கும்படி தாளைத் திருப்பிப் போட்டு வரையச் சொன்னேன். வாராவாரம் அழித்து அழித்து வரைந்தார். சில நாட்களில் இருவருக்குமே பேசத் தெம்பிருக்காது. அவர் வரைவார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பரீட்சையில் சித்தியடைந்தார். வேலைக்கு விண்ணப்பம் கோரியபோது வயதெல்லை போட்டிருந்தார்கள். அக்கா அதைத் தாண்டியிருந்தார். காரியாலயத்தில் கேட்டுப் பார்த்தோம். சட்டம் அப்படித்தான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் அதே பாடத்தை நடத்துகிறேன். எதற்காக நடத்துகிறேன் என்று சில நாட்களில் எனக்கே தெரிவதில்லை. போன மாதம் அட்டன் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குத்தான் போகிறாராம். நெடுநாள் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சீங்களே, அது எதுக்காவது உதவிச்சா அக்கா?”

“இல்லீங்க டீச்சர்,” என்றார். பயணச்சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தார். பிறகு, “ஆனா எனக்கு வெளங்கிச்சு,” என்றார்.

அடுத்த வளைவு வருவதற்குள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.