சாமத்திய வீட்டில் இரண்டு டொக்டர்கள்

ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு குடும்ப டொக்டரிடம் நான் வேலை செய்தேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான்; என்னைத் துப்புரவு வேலைக்குத்தான் எடுத்தார்கள். டொச் மொழி தெரியாத எங்கள் ஈழத்துச் சனம் நெஞ்சைத் தொட்டும் வயிற்றைத் தொட்டும் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒருநாள் டொக்டர் என்னைத் துடைப்பமும் கையுமாக உள்ளே கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் உட்கார எனக்கென்று ஒரு கதிரை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். அந்தக் கதிரையில் இருக்கும்போது மட்டும் டொக்டரும் என் வாயைப் பார்ப்பார், நோயாளியும் என் வாயைப் பார்ப்பார்.

யூரோ வந்து சில வருடங்களுக்குப் பிறகு, அவருக்குக் கீழே ஒரு டொச்சுப் பெண் டொக்டராகச் சேர்ந்தார். சனம் அவரைச் சின்ன டொக்டர் என்றது. மற்றவர் பெரிய டொக்டரானார். வந்த புதிதில் சின்ன டொக்டர் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் வந்து, "எங்கே வலிக்கிறது என்று உங்கள் மொழியில் எப்படிக் கேட்பது?" என்றார். இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவர் மறக்கவில்லை. "வாங்கோ, இருங்கோ, எங்கை நோகுது? பயப்பிடாதேங்கோ." அவ்வளவுதான் அவருடைய தமிழ். அதற்கே சனம் உருகிப்போனது.

நீரிழிவுக்கு வருகிற ஒரு அண்ணை சின்ன டொக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. உள்ளுக்கு நீங்கள் வரத் தேவையில்லை. உவ எங்கடை ஆள்."

எங்கடை ஆள்! அவருடைய மலச்சிக்கலைக்கூட இத்தனை காலம் டொச்சில் எடுத்துச் சொன்னவள் நான். என்னை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எல்லாரும் சின்ன டொக்டரிடமே நேரம் கேட்டார்கள். என் கதிரை முதலில் சுவரோரம் போனது. பிறகு யாரோ அதைக் காத்திருக்கிற அறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நான் அதன் காலைச் சுற்றித் தரை துடைத்தேன்.

பிறகு சின்ன டொக்டர் விலகி, சில ட்ராம் தரிப்புகள் தள்ளி இருந்த வேறொரு வைத்திய நிலையத்தில் சேர்ந்தார். எங்கள் சனம் முழுக்க அவருக்குப் பின்னால் போனது. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததாம்: விலகினால் இரண்டு வருடத்துக்கு இந்த நகரத்தில் வைத்தியம் பார்க்கக் கூடாது. பெரிய டொக்டர் வழக்குப் போட்டார். அவர் வெல்ல வேண்டும் என்று நான் கோயிலில் அர்ச்சனை செய்தேன். சின்ன டொக்டர் வேறு ஊருக்குப் போனால் சனம் திரும்பி வரும். சனம் வந்தால் கதிரையும் உள்ளே வரும்.

வழக்குத் தவணைக்கு முந்தின வாரம், ஒரு பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீடு வந்தது. பிள்ளையின் தாய் இரண்டு டொக்டர்களுக்கும் அழைப்புக் கொடுத்திருந்தா.

"அக்கா, அவைக்குள்ளை வழக்கெல்லோ நடக்குது?" என்றேன்.

"அது கோட்டிலை. இது மண்டபம். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் ரெண்டு பேரும்தானே பார்த்தவை?"

மரியாதைக்கு இருவரையும் முன்வரிசையில் ஒரே மேசையில் இருத்திவிட்டார்கள். சின்ன டொக்டர் பட்டுச் சேலை கட்டியிருந்தார். யாரோ ஒருத்தி மல்லிகைச் சரமும் வைத்துவிட்டிருந்தாள். பெரிய டொக்டருக்கு மொழிபெயர்க்க நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் விழாக்களில் படம் எடுக்க மேடைக்குப் போகிற ஒவ்வொருவரையும் அறிவிப்பாளர் மைக்கில் புகழாமல் விடமாட்டார். சின்ன டொக்டர் மேடைக்கு ஏறியதும் அவர் தொடங்கினார்: "எங்கள் இதயங்களில் வாழும் டொக்டர் அம்மா! இப்போது புதிய இடத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறார். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்!" தெருவின் பெயரையும் திறக்கிற நேரத்தையும் இரண்டு தரம் சொன்னார். மண்டபம் கைதட்டியது.

அந்தத் தெருவின் பெயர் மட்டும் பெரிய டொக்டருக்கு விளங்கியது. "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். இதயத்தையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"என்னைப் பற்றி என்ன சொன்னார்?"

"நீங்களும் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்."

வடையைத் தட்டோடு தள்ளி வைத்தார். பிறகு, "இதை வழக்கில் சொல்ல வேண்டும். நீங்களும் வாருங்கள்" என்றார். எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

நீதிமன்றத்தில் நல்ல கோட்டுப் போட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடமாக்கியிருந்தேன். நீதிபதி ஒரு பெண். பெரிய டொக்டரிடம் ஒரு கேள்விதான் கேட்டா: "இரண்டு வருடம் வேலை செய்யாதே என்கிறீர்கள். அந்தக் காலத்துக்கு இவருக்கு என்ன கொடுப்பதாக எழுதினீர்கள்?"

"ஒன்றும் எழுதவில்லை."

"அப்படியானால் இந்தத் தடை செல்லாது. ஈட்டுப் பணம் கொடுக்காமல் ஒருவரைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை."

மண்டபத்தில் நடந்ததை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. நடைபாதையில் சின்ன டொக்டர் என்னிடம் வந்து கையைப் பிடித்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "பயப்பிடாதேங்கோ" என்றார். நான் சொல்லிக் கொடுத்த அதே இழுப்பு. கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பெரிய டொக்டர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்: "அவர் எல்லாரையும் கூப்பிடுவாரே, அந்தச் சொல் என்ன?"

"வாங்கோ."

"வாங்கோ," என்றார். அச்சொட்டாக வந்தது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் வாசலில் நின்று சொல்வதுபோல இருந்தது. எனக்குத் திக்கென்றது.

"சரிவரவில்லை, டொக்டர்."

இன்னொரு தரம் சொன்னார். முதலில் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

"உங்கள் ஆட்களுக்கு அது கஷ்டம். நீங்கள் ஏன் மினக்கெடுகிறீர்கள்? நான் உள்ளே இருப்பேன்தானே."

"அவருக்கு வந்ததே?"

"அவருக்கும் சரியாக வராது. சனம் மரியாதைக்குச் சிரிக்கிறது."

அதைக் கேட்டதும் அன்றைக்கு முதல் தடவையாகப் பெரிய டொக்டர் சிரித்தார். விளக்குப் பச்சையாகியது.

அடுத்த நாள் காலை, வேறு யாரும் வர முதல், நானே கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.